கைரோபிராக்டரிடம் எதற்குப் போகலாம்? அண்ணனின் இடுப்பு வலிக்காகக் கேட்கிறேன்

களியல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அண்ணனுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். வயது 43, கன்னியாகுமரி மாவட்டத்தில் களியல் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். அதிகாலை 3 மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் விடிவதற்குள் முந்நூறு மரம் வெட்ட வேண்டும். இந்த வருடம் பாலுக்காகச் சீவுகிற வெட்டுப்பட்டை கீழே இறங்கி முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மரத்துக்கு மரம் குனிய வேண்டும். அப்புறம் பால் எடுத்து, நிறைந்த வாளியை ஒரே கையில் தூக்கிக்கொண்டு சரிவில் ஏற வேண்டும்.

நான்கு மாதமாக இடுப்பு வலி. ஒரு மாதமாக வலது தொடையின் பின்பக்கம் வழியாகக் கெண்டைக்கால் வரை இழுக்கிறது. ஸ்கேனில் இடுப்பின் அடிப்பக்கக் கணுக்களுக்கு நடுவே, எல்4-எல்5, எல்5-எஸ்1 இரண்டு இடத்திலும் ஜவ்வு பிதுக்கம் என்று எழுதியிருக்கிறது. டாக்டர் மாத்திரை தந்து, இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை என்றார்.

வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். அம்மாவுக்கு வர்மம் பார்க்கும் ஆசான். மைனிக்கு (அண்ணிக்கு) கேரள எல்லை தாண்டி பாறசாலைப் பக்கம் ஆயுர்வேதம், மருந்துப் பொட்டலத்தைச் சூடாக்கி ஒற்றும் கிழி. அண்ணன் ராத்திரி முழுக்க போனில் கழுத்தைத் திருப்பி ‘டக்’கென்று சத்தம் வரவைக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு கைரோபிராக்டரிடம் போயே தீர வேண்டும் என்கிறார். முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சரிசெய்கிறவராம். அங்கே போன் செய்தேன். 24 தடவை வர வேண்டுமாம், வாரம் 3 முறை. பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடியாம். ஆளைப் பார்க்காமலே 24 என்று எப்படிச் சொன்னார்கள்?

இந்த வைத்தியம் எதற்கெல்லாம் பலன் தரும்? வீடியோவில் ஒருவர் முறுக்குகிறார், ஒருவர் பேனா மாதிரி எதையோ வைத்துத் தட்டுகிறார், ஒருவர் துண்டால் கழுத்தைக் கட்டி இழுக்கிறார். எல்லாமே கைரோபிராக்டிக் தானா? நம் ஊர் வர்ம வைத்தியமும் இதுவும் ஒன்றா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேல்புறம் பாபு:

நான் போயிருக்கிறேன் அக்கா. அங்கே இல்லை, வேறு இடத்தில். எனக்குக் காலில் இழுப்பு கிடையாது, நடு முதுகில் பிடிப்பு மட்டும். லாரி ஓட்டுகிறேன். முதல் நாள் எழுந்து நின்றபோது சுமை இறங்கின மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பழையபடி. மறுபடி போனேன், மறுபடி நன்றாக இருந்தது, மறுபடி வந்தது. ஏழு தடவைக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். கெட்டது எதுவும் நடக்கவில்லை. ஆனால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லித் தரவில்லை.

தக்கலை பிசியோ:

தங்கச்சி, நான் பிசியோதெரபிஸ்ட். 14 வருடமாக இடுப்பையும் கழுத்தையும்தான் பார்க்கிறேன். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மற்றதற்கு முன்னால் இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். அண்ணனைச் செருப்பில்லாமல் குதிகாலால் மட்டும் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். பிறகு முன்விரல்களால் மட்டும் பத்து அடி. வலது பாதம் தொங்கினாலோ, குதிகாலைத் தூக்க முடியாமல் போனாலோ அது நரம்பு பலவீனம். நாளைக்கே டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும். கூச்சப்படாமல் மைனியை விட்டு இன்னொன்றும் கேட்கச் சொல்லுங்கள்: சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் மரத்துப்போகிறதா? ஆம் என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. அந்த நிலையில் யாரும் முதுகில் கை வைக்கக் கூடாது. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்டது, வருடக்கணக்காக ஸ்டீராய்டு மாத்திரை, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி இவையும் அப்படித்தான். நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் வருவதும் உண்டு. அதை வெறும் பிடிப்பு என்று நினைத்து முறுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. கைரோபிராக்டிக் 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் தொடங்கியது. டேனியல் டேவிட் பாமர் என்பவர் ஆரம்பித்தார். அதற்கு முன் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். அவருடைய முதல் நோயாளியாகச் சொல்லப்படுகிற ஹார்வி லில்லார்டு முதுகு வலிக்காக வந்தவர் இல்லை, காது கேளாதவர். முதுகெலும்பில் ஒரு கணுவைத் தள்ளியதும் காது கேட்டது என்று பாமர் எழுதினார். நோய்களில் 95 சதவீதம் முதுகுக் கணு இடம் விலகுவதால்தான் வருகிறது என்பது அவர் கொள்கை. அந்த விலகலுக்கு சப்லக்சேஷன் என்று பெயர்.

இந்தக் கதையை வேண்டுமென்றுதான் சொல்கிறேன். இன்றைக்கும் கைரோபிராக்டர்களுக்குள் இருக்கிற பிளவு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு சாரார் பாமரின் கொள்கையை அப்படியே பிடித்துக்கொண்டவர்கள். கணுவைச் சரிசெய்தால் உடம்பு தன்னையே குணமாக்கிக்கொள்ளும் என்பார்கள். ஆகையால் ஆஸ்துமா, ரத்த அழுத்தம், குழந்தையின் வயிற்று வலி என்று எல்லாவற்றுக்கும் முதுகில்தான் பதில் தேடுவார்கள். வலி இல்லாதவர்களையும் மாதாமாதம் வரச் சொல்வார்கள். இன்னொரு சாரார் மூட்டு, தசை, நரம்பு வலியோடு நிறுத்திக்கொள்வார்கள். உடற்பயிற்சி சொல்லித் தருவார்கள், தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவார்கள். என் வேலைக்கும் அவர்கள் வேலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிசியோதெரபியிலும் மூட்டைக் கையால் அசைக்கிற முறை உண்டு. அதில் ஐந்தாவது படி அதே ‘டக்’ தான்.

எதற்குப் பலன் என்றால், இடுப்பு வலிக்கு ஓரளவு உண்டு. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர்கள் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் ஒத்தடம், மசாஜ், அக்குபஞ்சர், முதுகுத்தண்டைக் கையால் அசைக்கும் சிகிச்சை இவற்றைப் பார்க்கச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலில் பயிற்சியோடு சேர்த்து இதையும் மசாஜையும் சொல்லியிருக்கிறது. அதே வழிகாட்டுதல் இடுப்பு பெல்ட்டும் எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு ஒரு பெல்ட் தொங்குவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பலன் பெரிய அளவு கிடையாது. பயிற்சி எவ்வளவு குறைக்குமோ ஏறக்குறைய அவ்வளவுதான். பாபு தம்பிக்கு நடந்ததும் அதுதான். கை வைத்ததும் குறையும். அந்தக் குறைந்த நேரத்தில் உடம்பை அசைத்துப் பழக்கினால்தான் அது நிற்கும்.

கழுத்து வலிக்கும் கழுத்திலிருந்து கிளம்பும் சில தலைவலிக்கும் ஓரளவு பலன் சொல்கிறார்கள். ஆஸ்துமா, காது, ரத்த அழுத்தம் இவற்றுக்கெல்லாம் முதுகை அழுத்திப் பலன் என்பதற்கு நம்பும்படியான சான்று கிடையாது.

ஸ்கேன் பற்றி ஒன்று. பிதுக்கம் என்ற சொல்லைப் பார்த்து அண்ணன் பயந்திருப்பார். வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வெளியிட்டார்கள். வலியில்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுக்கம் இருந்தது. 80 வயதில் 84 சதவீதம். முடி நரைப்பது மாதிரிதான். ஜவ்வு பிதுங்கி நரம்பைத் தொட்டால்கூட பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் வலி குறைந்துவிடும். பிதுங்கிய பகுதியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் உண்டு. எந்தக் கையும் அதை உள்ளே தள்ளி வைப்பதில்லை. ‘விலகின ஜவ்வை உட்கார வைத்துவிட்டேன்’ என்று யார் சொன்னாலும், அது கைரோபிராக்டராக இருந்தாலும் என்னைப் போன்ற பிசியோவாக இருந்தாலும், நம்பாதீர்கள்.

ரப்பர் வெட்டு 22 வருடம்:

அந்த ‘டக்’ சத்தம் எலும்பு இடத்தில் உட்காருகிற சத்தம் என்றுதானே இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்?

தக்கலை பிசியோ:

அண்ணே, அது விரலில் சொடக்கு எடுக்கிற அதே சத்தம்தான். மூட்டுக்குள் வழவழப்பான நீர் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று விரித்தால் உள்ளே அழுத்தம் குறைந்து அந்த நீரில் வாயுக் குமிழி உண்டாகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலைச் சொடுக்கும்போதே எம்ஆர்ஐயில் படம் எடுத்து, குமிழி உருவாவதைக் காட்டினார்கள். அதே மூட்டில் மறுபடி சத்தம் வர இருபது நிமிடம் போல ஆகும். விரலைச் சொடுக்கிப் பாருங்கள், உடனே இரண்டாவது தடவை வராது. சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்று கிடையாது.

சலூன் நாற்காலியில் நெட்டி முறித்ததும் ஒரு சுகம் வருகிறதே, அது நிஜம்தான். எலும்பு எங்கும் நகர்வதில்லை, அவ்வளவுதான்.

குழித்துறை பொண்ணு, இப்போது டொராண்டோ:

நான் இங்கே ஒரு கைரோபிராக்டர் கிளினிக்கில் மூன்று வருடம் முன்மேசையில், அதாவது வரவேற்பில், வேலை பார்த்தேன். வைத்தியம் தெரியாது, ஆனால் தினமும் கண்ணால் பார்த்தது உண்டு. களியல் அக்கா கேட்ட வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

முதலில், கனடாவில் இது முறைப்படுத்தப்பட்ட தொழில். டொராண்டோவில் 1945-லிருந்து இதற்கென்று கல்லூரி இருக்கிறது. பட்டம் வாங்கி, தேர்வு எழுதி, பதிவு எண் வாங்க வேண்டும். தவறு செய்தால் புகார் கொடுக்க ஒரு சபை இருக்கிறது. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் உரிமம் வேண்டும். இந்தியாவில் டாக்டருக்கோ நர்ஸுக்கோ இருக்கிற மாதிரி இதற்கென்று ஒரு கவுன்சில் இல்லை. அதனால் பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும், எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று நேராகக் கேளுங்கள். வெளிநாட்டில் முழுப் படிப்பு படித்துவிட்டு வந்தவரும் இருப்பார், ஒரு வார வகுப்புக்குப் போனவரும் இருப்பார்.

எங்கள் கிளினிக்கில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேர் கையும் மூன்று மாதிரி. பெரியவர் பல முறைகளைக் கலந்து கையாலேயே செய்வார். அதை டைவர்சிஃபைடு என்பார்கள், அதிகம் புழங்குவது அதுதான். பக்கவாட்டில் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை ஒரு பக்கமும் பிடித்து, மூச்சை விடச் சொல்லிச் சட்டென்று ஒரே ஒரு சின்னத் தள்ளல். வீடியோவில் அதிகம் வருவதும் இதுதான்.

இரண்டாமவரின் மேசையே வேறு. இடுப்புக்குக் கீழே இருக்கும் பலகையை அரை அங்குலம் போலத் தூக்கி நிறுத்தியிருப்பார். அழுத்தியதும் பலகை ‘தடால்’ என்று கீழே விழும். முன்மேசை வரை கேட்கும். முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் எதையோ உடைத்துவிட்டார் என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்! சத்தம் மேசையுடையது, முதுகில் விழுகிற விசை குறைவு. டிராப் டேபிள் என்பார்கள். வயதானவர்கள் இவரைத்தான் தேடி வருவார்கள்.

மூன்றாமவர் அக்கா சொன்ன பேனாக்காரர். ஆக்டிவேட்டர் என்று ஒரு ஸ்பிரிங் கருவி. ஸ்டேப்லர் அடிக்கிற மாதிரி ‘டிக், டிக்’ என்று தட்டும். முறுக்கலே கிடையாது.

எங்கள் இடத்தில் இல்லாத முறைகளும் இருக்கின்றன. கான்ஸ்டெட் முறைக்காரர்கள் நிற்க வைத்து முழு முதுகையும் எக்ஸ்ரே எடுத்து, ஒரு கணுவைக் குறிவைத்துத்தான் தள்ளுவார்கள். கழுத்தைச் சுழற்ற மாட்டோம் என்பார்கள். காக்ஸ் முறையில் குப்புறப் படுக்க வைத்து மேசையின் கால்பக்கத்தை மெதுவாகத் தாழ்த்தி, இடுப்பை இழுத்து இழுத்து விடுவார்கள். ‘டக்’கே இல்லை. ஜவ்வு பிதுக்கம், கால் இழுப்பு என்று வருகிறவர்களுக்கு இதைத்தான் அதிகம் செய்வதாகச் சொல்வார்கள். இன்னும் சிலர் தலைக்கு அடியில் இருக்கும் முதல் கணுவை மட்டும் பார்ப்பார்கள், விரல் நுனியால் தொடுகிற அளவு அழுத்தம்தான். துண்டு போட்டுக் கழுத்தை வெடுக்கென்று இழுப்பது வீடியோவில் நிறைய வருகிறது. எங்கள் கிளினிக்கில் மூன்று பேரும் அதைச் செய்ததில்லை.

எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் கைமுறையில் இல்லை, முன்மேசையில் இருந்தது. பெரியவர் முதல் நாளே ஆறு தடவை என்று எழுதித் தருவார். நான்காவது தடவையில் முன்னேற்றம் இல்லை என்றால், உங்கள் டாக்டரிடம் திரும்பப் போங்கள் என்று அவரே கடிதம் எழுதுவார். நான் தட்டச்சு செய்து கொடுப்பேன். வேலை மாறி நான் போன இன்னொரு இடத்தில் வருகிறவர் எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே எண்ணிக்கை. எக்ஸ்ரே எல்லாருக்கும் கட்டாயம். அமெரிக்கக் கைரோபிராக்டர் சங்கமே 2017-இல், அபாய அறிகுறி இல்லாத புது இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரம் எக்ஸ்ரே வேண்டாம், முன்னேற்றம் பார்க்க மறுபடி மறுபடி எடுக்கவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. அதைப் படித்த பிறகு என்னால் அந்த மேசையில் உட்கார முடியவில்லை. நான்கு மாதத்தில் விலகினேன்.

ஆசான் பேரன்:

வர்மமும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். என் பாட்டா ஆசான். விளவங்கோடு பக்கத்தில் அவர் கை தொடாத வீடு குறைவு. நான் அந்தத் தொழிலுக்கு வரவில்லை, எண்ணெய் காய்ச்ச மட்டும் கூட நின்றிருக்கிறேன்.

வர்மம் எலும்பைப் பற்றிய கணக்கில்லை, உடம்பில் இருக்கிற உயிர்ப்புள்ளிகளைப் பற்றியது. 108 வர்மம், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று பாட்டா விரல் விட்டுச் சொல்வார். அடிபட்ட இடத்தில் ஓட்டம் தடைப்பட்டுவிட்டது, அதை இளக்கிவிட வேண்டும் என்பது அவர் பேச்சு. அடங்கல் என்கிற புள்ளியைத் தொட்டுத் தடையை இளக்கிவிடுவார், எண்ணெயிட்டுத் தடவுவார், கட்டுப் போடுவார், கஷாயம் கொடுப்பார், பத்தியம் சொல்வார். கைரோபிராக்டர் கணுவின் அசைவைப் பார்க்கிறார். ஆசான் பார்ப்பது வேறு. இரண்டையும் ஒன்று என்று சொல்வது இரண்டுக்கும் நியாயமாகாது.

ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். தென்னையிலிருந்து விழுந்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். நான் பத்தாம் வகுப்பு. எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாட்டா கையை எண்ணெயில் வைக்கவில்லை. குனிந்து, மூத்திரம் போச்சா என்று கேட்டார். காலையிலிருந்து இல்லை என்றார்கள். பெருவிரலைக் கிள்ளினார், அவருக்குத் தெரியவில்லை. பாட்டா நிமிர்ந்து, கட்டிலை இறக்காதீங்க, ஜீப் பிடிங்க, ஆசாரிபள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றார். வந்தவர்களுக்குக் கோபம். நீங்களே கைவிட்டால் எங்கே போவது என்றார்கள். பாட்டா பதில் சொல்லாமல் ஜீப் வருகிற வரை அந்த ஆளின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிசியோ அக்கா கேட்கச் சொன்ன அதே கேள்வியைப் படித்ததும் இது ஞாபகம் வந்தது. களியல் அக்கா, ஆசானிடம் போனாலும் அவர் கை வைக்குமுன் என்ன கேட்கிறார் என்று பாருங்கள்.

பாறசாலை நர்ஸ்:

கழுத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் நரம்பியல் வார்டில் இருந்தேன். 38 வயது ஆள், சலூனில் முடி வெட்டியதும் வழக்கம்போல் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் நெட்டி முறித்திருக்கிறார்கள். அன்று ராத்திரி கழுத்தின் பின்புறம் இதுவரை வராத மாதிரி ஒரு வலி. மறுநாள் தலைசுற்றல், பேச்சு குழறல், தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறது. கழுத்தில் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே கட்டிய ரத்தம் மூளைக்குப் போயிருந்தது. ஸ்ட்ரோக். மூன்று வாரம் மூக்கில் குழாய் வைத்துத்தான் உணவு கொடுத்தோம். நடந்து வீட்டுக்குப் போனார், ஆனால் இன்னும் நேர்கோட்டில் நடக்க முடியாது.

மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்துக் கணுக்களின் ஓட்டை வழியாகவே ஏறிப் போகின்றன. உச்சியில், முதல் கணுவில், வளைந்து திரும்புகின்றன. கழுத்தைச் சட்டென்று முறுக்கினால் அந்த வளைவில் இழுவை விழும். இது அபூர்வம்தான். ஏற்கெனவே குழாய் கிழியத் தொடங்கி, அந்த வலிக்காகவே சிலர் கைரோபிராக்டரிடம் போகிறார்கள் என்பதும் உண்மை. அதனால் எது முதலில் வந்தது என்று மருத்துவர்களுக்குள் இன்றும் விவாதம் இருக்கிறது. ஆனாலும் புதிதாக, திடீரென்று வந்த கழுத்து வலிக்கு யாரிடமும் கழுத்தை முறுக்கக் கொடுக்காதீர்கள். அண்ணனுக்கு இடுப்பில்தானே வலி? கழுத்தைத் தொடவே வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் எதற்கு வந்தாலும் கழுத்தையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறார்கள்.

அருமனை அம்மா:

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் பெண் குழந்தைக்கு மூன்று மாதம். ராத்திரி முழுக்க அழுகிறாள். மாமியார் உரம் விழுந்திருக்கிறது, புடவையில் போட்டு உருட்டி எடுக்க வேண்டும் என்கிறார். குழந்தைக்கும் கைரோபிராக்டர் செய்வார் என்று வீடியோவில் பார்த்தேன்.

தக்கலை பிசியோ:

வேண்டாம் தங்கச்சி. அந்த வயதில் கழுத்துத் தசை தலையின் கனத்தையே தாங்காது. குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் செய்த ஒரு வீடியோ ஆஸ்திரேலியாவில் பெரிய பிரச்சினையாகி, 2019-இல் அந்த நாட்டுக் கைரோபிராக்டிக் வாரியமே 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதுகுத்தண்டை முறுக்கும் சிகிச்சை கூடாது என்று இடைக்கால விதி போட்டது. மூன்று மாதத்தில் இப்படி அழுவது பெரும்பாலும் நான்கைந்து மாத வயதுக்குள் தானாக நின்றுவிடும். பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு கையை அசைக்காமலே வைத்திருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். மாமியாரிடம் சண்டை வேண்டாம். உருட்டுவதற்குப் பதில் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். அந்தக் கை குழந்தைக்குப் பிடிக்கும்.

களியல்காரி:

அன்று மாலையே நடக்க வைத்துப் பார்த்தேன். குதிகாலில் நடந்தார், முன்விரலிலும் நடந்தார். மைனி கேட்டதற்கும் ஒன்றும் இல்லை என்றார். அன்றைக்குத்தான் ஒரு மாதத்துக்குப் பிறகு நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

அந்த கிளினிக்குக்கு மறுபடி போன் செய்து மூன்று கேள்வி கேட்டேன். அவருக்கு என்ன பிரச்சினை என்று நினைக்கிறீர்கள், எத்தனையாவது தடவையில் முன்னேற்றம் இல்லை என்றால் நிறுத்துவீர்கள், கழுத்தைத் தொடாமல் செய்வீர்களா? முதல் இரண்டுக்கும், வந்தால் சொல்கிறோம் என்றார்கள். மூன்றாவதுக்கு, கழுத்தும் இடுப்பும் ஒரே தண்டு, கழுத்தைச் சரிசெய்யாமல் இடுப்பு சரியாகாது என்றார்கள். போனை வைத்துவிட்டேன்.

தக்கலை பிசியோ அக்கா, உங்கள் வார்த்தையை நம்பி அரசு ஆஸ்பத்திரியில் பிசியோவுக்கு அழைத்துப் போனேன். மைனிக்காக ஆயுர்வேதமும் ஒரு வாரம் செய்தோம், கிழி இல்லை, கடிவஸ்தி. உளுந்து மாவால் இடுப்பில் வரம்பு கட்டி, உள்ளே சூடான எண்ணெய் ஊற்றி வைத்தார்கள். அண்ணனுக்கு அது இதமாக இருந்தது. பயிற்சியை விடக் கூடாது என்று அந்த வைத்தியரும் சொன்னார்.

இப்போது மூன்று வாரம். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கும் பயிற்சிதான் அதிகம். ஒரு சந்தேகம். கெண்டைக்கால் இழுப்பு போய்விட்டது, தொடையிலும் இல்லை, ஆனால் புட்டத்திலும் இடுப்பிலும் வலி முன்பைவிடக் கூடியிருக்கிறது என்கிறார். இது கெடுதலா?

தக்கலை பிசியோ:

நல்ல செய்தி தங்கச்சி! காலில் இறங்கின வலி மேலே ஏறி இடுப்புப் பக்கம் சுருங்குவதைத்தான் நாங்கள் எதிர்பார்த்துக் காத்திருப்போம். நரம்பு மேல் உள்ள அழுத்தம் குறைகிறது என்பதற்கு அது அடையாளம். இடுப்பில் கொஞ்ச நாள் கூடினாலும் பரவாயில்லை. அதே பயிற்சியைத் தொடரட்டும். மறுபடி காலுக்கு இறங்கினால் மட்டும் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். படுத்தே கிடக்க வேண்டாம், தினமும் அரை மணி நேரம் நடக்கட்டும்.

களியல்காரி:

அழுதுவிட்டேன் அக்கா. மழை விட்டதும் அண்ணன் மறுபடி வெட்டுக்கு இறங்க வேண்டும். கீழ்ப்பட்டைதான் பயமாக இருக்கிறது. வேறு வேலை அவருக்குத் தெரியாது.

ரப்பர் வெட்டு 22 வருடம்:

தங்கச்சி, அது நான் சொல்கிறேன். கீழ்ப்பட்டை வெட்டும்போது இடுப்பை வளைக்கவே கூடாது. இடது முழங்காலுக்குச் சாக்கை நாலாக மடித்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மரத்துக்கு ஒரு எட்டு தள்ளி அந்த முழங்காலை ஊன்றி, நெஞ்சை மரத்துக்கு நேராக வைத்து வெட்ட வேண்டும். கத்தி போகிற பக்கம் உடம்பும் சேர்ந்து போகணும், இடுப்பை மட்டும் திருப்பக் கூடாது. முதல் வாரம் முந்நூறு மரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும். அப்புறம் பழகிவிடும். ஒரு பெரிய வாளியை விட்டுவிட்டு இரண்டு சின்ன வாளி, இரண்டு கையிலும் சமமாக, பாதி பாதி. சிரட்டையிலிருந்து பாலை ஊற்றும்போதும் குனியாமல் உட்கார்ந்தே ஊற்றலாம்.

எழுதிப் புரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனைத் திற்பரப்பு பாலத்துக்கு வரச் சொல்லுங்கள், நான் அங்கிருந்து தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டித் தருகிறேன். சாக்கு நானே கொண்டுவருகிறேன்.